கட்டில் உயரம்

பெரிய வியாழனன்று காலையில் டெல்ஃபினா செய்த முதல் காரியம், துடைப்பத்தின் தலையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கம்பைப் புருஷனுடைய கட்டிலோரம் நிறுத்தியதுதான். மெத்தையின் விளிம்பு கம்பில் எங்கே வருகிறதோ அந்த இடத்தில் காய் நறுக்கும் கத்தியால் ஒரு வெட்டுப் போட்டாள்.

எலிசேயோ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஒரு மாதமாக அவருக்கு அந்தச் சுவர்தான் ஊர், உலகம் எல்லாம்.

"என்ன அளக்கிறே கிழவி? எனக்குப் பெட்டி செய்யவா?"

"உன் நாக்கு நீளத்துக்குப் பெட்டி செய்ய இந்த ரின்கோன் பூராத் தேடினாலும் பலகை கிடைக்காது. பேசாம படு."

ஜனவரியில் வாசல் பனியை மண்வெட்டியால் தள்ளிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். இடது கையும் இடது காலும் போயின. நாக்கை மட்டும் வியாதி தொடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை மெரிசா என்று ஒரு பெண் வந்து பயிற்சி கொடுத்தாள். வந்த முதல் நாளே கட்டிலின் நான்கு கால்களுக்கும் அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினவள் அவள்தான். "சீட்டு உசரமா இருந்தா உங்களால உட்கார முடியாது. ரொம்பத் தாழ்ந்துட்டா எந்திரிக்க முடியாது. இதுதான் உங்க உசரம், ஞாபகம் வெச்சுக்கோங்க" என்றாள். சொன்னபடியே எலிசேயோ அந்தக் கட்டிலில் தானாக உட்கார்ந்தார், தானாக எழுந்தார். எழுந்து போக ஓர் இடம் இல்லை என்பதுதான் சங்கடம்.

போக வேண்டிய இடம் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, கொட்டகையில் நின்றது. அறுபத்தெட்டாம் வருஷத்து செவ்ரோலே பிக்கப், கிளட்ச் மிதிக்க வேண்டாத வண்டி. மகள் ஞானஸ்நானத்தின்போது ஓட்டை உடைசலாக வாங்கி வந்து, முப்பது வருஷமாகத் தட்டித் தட்டிச் சேர்த்தது. மலையடிவாரத்து மற்ற ஊர்களில் எப்படியோ, ரின்கோனில் வண்டியை உயர்த்தி ஓட்டுகிறவன் வெளியூர்க்காரன், வயிறு தரையைத் தொடுகிற மாதிரி தாழ்த்தி ஓட்டுகிறவன் உள்ளூர்க்காரன். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை அத்தனை தாழ்ந்த வண்டிகளும் துடைத்து மினுக்கிக்கொண்டு, மாட்டுவண்டி வேகத்தில் சிமாயோ கோவிலுக்கு ஊர்ந்து போகும். எலிசேயோ போன இலையுதிர் காலத்தில் பின்பக்கத்தைத் தாழ்த்தி முடித்தார். முன்பக்கத்தைக் கிறிஸ்துமஸ் கழித்துச் செய்யலாம் என்றிருந்தார். அதற்குள் அவரே விழுந்துவிட்டார். வண்டி அன்றிலிருந்து, வேலிக்கு மேல் தழை கடிக்க முன்காலைத் தூக்கிய ஆடு மாதிரி, மூக்கை உயர்த்திக்கொண்டு நிற்கிறது.

மார்ச்சில் ஒரு நாள் அதில் ஏறிப் பார்த்தார். ஓட்டுகிறவன் கதவு இடது பக்கம். உடம்பு மொத்தத்தையும் இடது காலில் நிறுத்தி வலது காலை மேலே தூக்க வேண்டும். இடது கால் ஒத்துக்கொள்ளவில்லை. பனி உருகின சேற்றில் முகம் குப்புற விழுந்தார். மகளும் மருமகனும் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அடுத்த வீட்டுக்காரி தபால் பெட்டியோரம் நின்று சிலுவை போட்டுக்கொண்டதையும் அவர் பார்த்துவிட்டார். அன்றைக்குத்தான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது, "வண்டியை விலைக்குக் கேட்ட டெக்சஸ்காரனை வரச் சொல்லிட்டேன். திங்கக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்குவான்" என்றார்.

வண்டி போனால் அந்த மனுஷன் சுவரிலிருந்து முகத்தைத் திருப்ப மாட்டார் என்று டெல்ஃபினாவுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து அடுப்படியில் இருபத்திரண்டு வருஷம் சமைத்தவள் அவள். எந்தப் பிள்ளை பசியில்லாமல் தட்டைத் தள்ளுகிறது, எது வீம்புக்குத் தள்ளுகிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லுவாள்.

"சனிக்கிழமை நீயா ஏறி உக்காந்துட்டா?" என்றாள்.

"எங்கேருந்து ஏற?"

"ஏறிட்டா வண்டி இங்கயே இருக்கும். முடியலேன்னா திங்கக்கிழமை சாவியை நானே அவன் கையில குடுக்கிறேன். சரியா?"

எலிசேயோ அவித்த பயறை வலது கையால் வெகுநேரம் கிளறிக்கொண்டிருந்தார். "ஒருத்தரும் என்னைத் தொடக் கூடாது" என்றார்.

"தொடலை."

"கக்கத்துல கை குடுக்கிறேன், பின்னால தாங்கிக்கிறேன்னு எவனும் வரக் கூடாது."

"வர மாட்டாங்க, சாமி. முதல்ல சாப்பிடு."

முன்பக்கத்தையும் தாழ்த்திவிட்டால் சீட்டு கட்டில் உயரத்துக்கு வந்துவிடும், கட்டிலில் உட்காருகிற மாதிரி முதுகைத் திருப்பி முதலில் உட்கார்ந்து பிறகு காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம் என்பது அவளுடைய கணக்கு. அதற்குத்தான் துடைப்பக்கம்பு.

வேலைக்கு ஆள் ஒனேசிமோதான். எலிசேயோவின் தம்பி. ரோட்டு வேலைக்கு மண் தள்ளும் இயந்திரம் ஓட்டுகிறவன், ஐம்பத்தைந்து வயசு, எதிலும் அவசரம். எட்டு வருஷத்துக்கு முன் தன் வண்டியின் ஸ்பிரிங்கை அண்ணன் சொல்லச் சொல்லக் கேட்காமல் கேஸ் நெருப்பால் வாட்டித் தாழ்த்தினான். நெருப்புப் பட்ட ஸ்பிரிங் உயிரை விட்டுவிடும். சனிக்கிழமை ஊர்வலத்தில் நடுப்பாலத்தில் வண்டி வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துவிட்டது. பின்னால் நாற்பது வண்டி. எலிசேயோ அத்தனை பேர் முன்னாலும், "இனிமே என் வண்டிக்குப் பத்தடி தள்ளி நில்லுடா" என்றார். அன்றிலிருந்து ஒனேசிமோ உண்மையாகவே பத்தடி தள்ளித்தான் நிற்பான். ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிடுவான், சிரிப்பான், கொட்டகைப் பக்கம் மட்டும் வர மாட்டான்.

"அண்ணனுக்குத் தெரியுமா மதினி?" என்று வியாழக்கிழமை வந்ததும் கேட்டான்.

"ஜன்னல் அங்கதான் இருக்கு. காதும் நல்லாத்தான் இருக்கு. தெரியாம எப்படி?"

"ஒண்ணும் சொல்லலையா?"

"திரையை இழுத்து விடுன்னாரு. விட்டேன்."

ஒனேசிமோ திரை மூடிய ஜன்னலைப் பார்த்தான். பிறகு மண்ணில் கோடு இருக்கிற மாதிரி ஒரு காலைத் தூக்கி வைத்துத் தாண்டி, வண்டிக்குக் கிட்டே வந்தான்.

ஏப்ரல் மாதத்துக் காற்று ஒன்பது மணிக்கே கிளம்பிவிட்டது. வாய்க்காலோரத்து ஆப்ரிகாட் மரம் பூத்திருந்தது. ஒவ்வொரு வருஷமும் அவசரப்பட்டுப் பூத்து, ஒவ்வொரு வருஷமும் கடைசிப் பனியில் கருகுகிற மரம். புழுதி, பூ, பைன் விறகுப் புகை எல்லாம் கொட்டகைக்குள் சுற்றிச் சுற்றி வந்தன.

வண்டியை ஜாக்கி கொடுத்துத் தூக்கினார்கள். சேஸ் என்கிற அடிச்சட்டத்துக்குக் கீழே ஸ்டாண்டு வைத்தார்கள். சக்கரத்தைக் கழற்றினார்கள். உள்ளே, அவள் தொடைக் கனத்துக்கு, துருவும் கிரீஸுமாகச் சுருள் ஸ்பிரிங் நெருங்கி உட்கார்ந்திருந்தது. முன்பக்கத்து பாரம் பூராவும் அதன் தலையில்.

"மதினி, இங்க பாருங்க. சக்கரத்தைத் தாங்குற இந்தக் கீழ்க்கைக்கு அடியில இன்னொரு ஜாக்கி வெச்சிருக்கேன். நான் நட்டைக் கழட்டிச் சம்மட்டியால ஒரு தட்டுத் தட்டினா இந்த மூட்டு விட்டுரும். விட்டதும் ஸ்பிரிங் மொத்தமா உங்க ஜாக்கி மேலதான் நிக்கும். நீங்க இறக்கணும். பைய. முடி நரைக்கிற வேகத்துல."

"என் முடி ஜனவரியிலேயே நரைச்சாச்சு. வேகமா இறக்கிட்டா?"

"அபெலார்தோ மச்சானுக்குத் தங்கப்பல்லு எப்படி வந்துச்சு?"

"கல்யாணத்துக்குக் கட்டினதுன்னாங்க?"

"கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஸ்பிரிங் தெறிச்சது. அதான் கட்டினாங்க."

சொல்லிவிட்டு ஒனேசிமோ ஸ்பிரிங்கின் நடுவே சங்கிலியை விட்டுச் சேஸோடு சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினான். தெறித்தாலும் சங்கிலி பிடிக்கும் என்றான். பிடிக்குமா என்று அவள் கேட்டதற்கு, பிடிக்கணும் என்றான். அந்த 'ணும்' அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

சம்மட்டி விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் உள்ளே ஏதோ 'டொப்'பென்று விட, ஜாக்கி முனகிக்கொண்டு பாரத்தை வாங்கியது. டெல்ஃபினா பிடியைத் திருகினாள். உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. ஸ்பிரிங் ஒரு விரலளவு விரிந்தது. கொதிக்கும் சட்டியை நூறு தடவை இறக்கிய கைதான். சட்டி கொட்டினால் தன் கால்தான் வேகும். இது விட்டால் எதிரே மண்டியிட்டிருக்கிறவன் முகம் போகும்.

"மதினி, மூச்சு விடுங்க."

"விடுறேன்."

"விடலை. எனக்குத் தெரியுது."

"நீ மூஞ்சியைத் தள்ளி வை முதல்ல. அப்புறம் விடுறேன்."

கடைசியில் ஸ்பிரிங் தளர்ந்து, சங்கிலிக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒனேசிமோ அதை இழுத்துத் தரையில் போட்டான். டெல்ஃபினா ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"நெருப்பு வேண்டாம்" என்றாள்.

"நெருப்பைப் பத்தி நான் பேசவே இல்லையே."

"நெனச்சே."

நெருப்பு இல்லாமல் கிரைண்டரில் வட்டத் தகடு மாட்டி, தண்ணீர் ஊற்றி ஊற்றி, அடியிலிருந்து ஒரு சுற்றை அறுத்து எடுத்தான். அந்தச் சத்தத்துக்கு நாய் வாய்க்காலைத் தாண்டி ஓடியது. ஜன்னல் திரை அசையவில்லை. பிறகு திரும்பவும் அதே பாடு, இப்போது தலைகீழாக: உள்ளே வைத்து, ஜாக்கியால் அமுக்கி, நட்டைப் பூட்டி. பிறகு வலது பக்கம். நடுவில் அவள் உள்ளே ஓடி முட்டை அடையைச் சுட்டுச் சிவப்பு மிளகாய்க் குழம்பில் போட்டு, புருஷனுக்கு ஒரு தட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "தம்பி சாப்பிட்டானா?" என்று மட்டும் கேட்டார். அவள் ஆச்சரியப்பட்டாள்.

இரண்டு பக்கமும் முடிந்து சக்கரம் மாட்டி, ஜாக்கியை எடுத்து வண்டியைத் தரையில் இறக்கியபோது வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. பொடிப்பனி தூறியது. டெல்ஃபினா துடைப்பக்கம்பைக் கொண்டுவந்து சீட்டோரம் நிறுத்தினாள்.

வெட்டுக்கு மேலே மூன்று விரல்.

"இல்லையே" என்றாள். திரும்பவும் நிறுத்தினாள். "மூணு விரல் நிக்குதே ஒனேசிமோ!"

அவன் மட்கார்டை அமுக்கிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். "ஒரு சுத்து எடுத்தா கட்டாயம் இறங்கணுமே... ஏதோ ஒண்ணு விட்ட மாதிரி இருக்கு மதினி. என்னன்னுதான் வர மாட்டேங்குது."

"யோசிச்சுக்கிட்டு நிக்க நேரம் இருக்கா? நாளைக்கு என்ன கிழமை?"

நாளைக்குப் பெரிய வெள்ளி. அன்று ரின்கோனில் யாரும் ஆணியில் சம்மட்டி வைக்க மாட்டார்கள், மண்ணில் கடப்பாறை போட மாட்டார்கள். ஆண்டவர் உடம்பில் விழுகிற அடி என்பார்கள். கதவுத் தாழ்ப்பாள் கழன்றால்கூடக் கயிற்றால் கட்டி வைத்துவிட்டுச் சனிக்கிழமைதான் சரிசெய்வார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் நெருப்பு வைத்த ஒனேசிமோகூட அதில் கை வைக்க மாட்டான்.

"இன்னும் கொஞ்சம் எடு" என்றாள் டெல்ஃபினா.

"மதினி, நாளைக்குக் காலையில வெளிச்சத்துல ஒரு தடவை பாத்துட்டு..."

"பாத்துட்டு? பாத்துக்கிட்டே இருப்பியா? சனிக்கிழமை அந்த மனுஷன் மூணு விரல் ஏற முடியாம என் கண்ணு முன்னால மறுபடி விழணுமா? எடுடா!"

மதினி 'டா' போட்டு அவன் கேட்டதில்லை. மறுபேச்சுப் பேசாமல் ஜாக்கியை எடுத்தான். திரும்ப நட்டு, திரும்பச் சம்மட்டி, திரும்ப அவள் கையில் அந்த முனகல். இந்தத் தடவை விளக்கு வெளிச்சத்தில். முக்கால் சுற்று எடுத்தான். இறக்கினார்கள். கம்பை நிறுத்தினாள். கத்தி வெட்டும் சீட்டு விளிம்பும் ஒரே கோட்டில், நூல் பிடித்த மாதிரி நின்றன.

டெல்ஃபினா கொழுந்தனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் கிரீஸ் கையைத் தூக்கிக்கொண்டு, "மதினி, சட்டை, சட்டை" என்றான்.

*

வெள்ளிக்கிழமை விடியற்காலையிலிருந்தே பெரிய ரோட்டில் சிமாயோவுக்கு நடக்கிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். சிலர் மரச்சிலுவையைத் தோளில் வைத்திருந்தார்கள், சிலர் கைக்குழந்தையை. டெல்ஃபினா முளைகட்டின கோதுமை மாவில் பனோச்சா கிண்டி அடுப்பில் வைத்திருந்தாள். பெரிய வெள்ளிக்கு வீட்டுக்கு வீடு கிண்ணம் மாறும். இந்த வீட்டுப் பனோச்சா அந்த வீட்டுக்கு, அந்த வீட்டுக் கீரை இந்த வீட்டுக்கு. அன்றைக்குத் தபால் பெட்டியோரம் நின்ற அடுத்த வீட்டுக்காரியும் கிண்ணத்தோடு வந்து, "எலிசேயோ எப்படி இருக்காரு?" என்று இழுத்தாள். "நாளைக்குப் பாக்கத்தானே போறே" என்றாள் டெல்ஃபினா. சொன்ன பிறகு, ஏன் சொன்னோம் என்றிருந்தது.

மத்தியானம் நடந்து முடித்துக் காலில் கொப்புளத்தோடு ஒனேசிமோ வந்தான். வண்டியை வெளியே எடுத்துத் தண்ணீர் அடித்துத் துடைக்கலாம், தண்ணீர் அடிப்பதில் பாவமில்லை என்றான். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தான். மூன்று மாதத்துக்குப் பிறகும் எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்தது. டெல்ஃபினா முன்னால் நின்று, வா வா என்று கையைக் காட்டினாள்.

சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியிருக்கும். வண்டி ஒரு பெருமூச்சு விட்டது. அவள் கண்ணெதிரே மூக்கு இறங்கியது. நிற்கவில்லை, இன்னும் இறங்கியது. கடைசியில் மட்கார்டு டயரின் மேல் போய் உட்கார்ந்து 'கர்ர்ர்' என்றது.

ஒனேசிமோ எஞ்சினை அணைத்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"உருட்டலை" என்றான்.

"என்னது?"

"உருட்டலை மதினி. அதான் விட்டுப்போச்சு. ஜாக்கியிலருந்து இறக்கினா டயர் ரெண்டும் தரையைக் கவ்விக்கிட்டு வண்டியைத் தூக்கியே வெச்சிருக்கும். முன்னால ரெண்டு அடி, பின்னால ரெண்டு அடி உருட்டணும். அப்புறம்தான் ஸ்பிரிங் உக்காரும். அப்புறம்தான் அளக்கணும். வண்டி தொடுற சின்னப் பையனுக்குத் தெரியும் இது. முதல் வெட்டே சரியா இருந்திருக்கும். அதே போதும்!"

டெல்ஃபினா போய்க் கம்பை எடுத்து வந்தாள். சீட்டு இப்போது வெட்டுக்குக் கீழே நான்கு விரல் இருந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் டயர் இடித்தது.

"வேற ஸ்பிரிங்?"

"எஸ்பன்யோலாவுல பழைய சாமான் கடை திங்கக்கிழமைதான் திறப்பான்."

"வெட்டின துண்டைத் திரும்ப..."

"வெட்டின முடின்னா வளரும் மதினி." அவன் படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். "அண்ணன் சொன்னது சரி. நான் பத்தடி தள்ளியே நின்னிருக்கணும்."

"நீ யோசிக்கணும்னே. அவசரப்படுத்தினது நான்" என்றாள். பதறாத காரியம் சிதறாது என்று பள்ளிக்கூடத்தில் சட்டியைக் கவிழ்க்கிற பெண்களுக்கெல்லாம் தினமும் புத்தி சொன்னவள் அவள்.

ஒரு கிண்ணம் பனோச்சாவோடு படுக்கையறைக்குப் போனாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கிண்ணத்தை இந்தக் கையிலும் அந்தக் கையிலுமாக மாற்றினாள்.

"எத்தனை விரல் இறங்கிருச்சு?" என்றார் எலிசேயோ, சுவரைப் பார்த்தபடி.

"நாலு. உனக்கு எப்படித் தெரியும்?"

"டயரு இடிக்கிற சத்தம் கேட்டுச்சே."

"நேத்து அளந்தப்ப சரியா இருந்துச்சு கிழவா. கோடு போட்ட மாதிரி..."

"நேத்து உருட்டலையே. நான் கேட்டுக்கிட்டுத்தானே படுத்திருந்தேன். இறக்கினீங்க. கல்லு மேல சக்கரம் உருளுற சத்தம் வரும்னு பாத்தேன். வரலை. திரும்பக் கிரைண்டர் சத்தம்தான் வந்துச்சு."

டெல்ஃபினாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கினதும் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சும் கூப்பிடலையா நீ?"

அவர் சுவர்ச் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினார்.

"ஒரு சத்தம் குடுத்திருந்தா போதுமே. ஜன்னலைத் தட்டியிருந்தா போதுமே. ஏன்?"

"பயமா இருந்துச்சு கிழவி."

கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. அவர் சுவரிடமே சொல்லிக்கொண்டு போனார்: "மறுபடியும் அந்தச் சேத்துல விழுந்து கிடக்க என்னால ஆகாது. நீங்க அளவைத் தப்பா எடுத்துட்டா வண்டி கெட்டுப்போச்சுன்னு சொல்லி அனுப்பிரலாம். கெடுத்தது ஒனேசிமோன்னு ஊர் சொல்லும். எலிசேயோவால முடியலைன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான். அப்படித்தான் நெனச்சேன். வாயை மூடிக்கிட்டேன்."

டெல்ஃபினாவுக்கு முதலில் அழுகை வரும் போலிருந்தது. வந்ததோ ஆங்காரம்.

"நேத்து என் கை நடுங்கின நடுக்கம் உனக்குத் தெரியுமா? விளக்கு வெளிச்சத்துல ரெண்டாம் தடவையும் அந்தப் பிசாசை இறக்கினேன். என் கை வழுக்கியிருந்தா உன் தம்பி மூஞ்சி போயிருக்கும். உன் கூடப் பிறந்தவன் மூஞ்சி! நீ இங்க படுத்துக்கிட்டு, ஊர் யாரைச் சொல்லும்னு பாத்துக்கிட்டிருந்திருக்கே. 'தம்பி சாப்பிட்டானா'ன்னு கேள்வி வேற."

"கிழவி..."

"பேசாதே."

கொண்டுவந்த கிண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், நின்றுகொண்டே முழுவதையும் தானே தின்றாள். கிண்ணம் காலியான பிறகும் கோபம் தீரவில்லை. மேஜைமேல் துடைப்பக்கம்பு கிடந்தது. உடைத்து அடுப்பில் போடலாம் என்று எடுத்தாள். அந்தக் கத்தி வெட்டையும் அதற்குக் கீழே நான்கு விரலையும் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு கம்பைச் சுவரில் சாத்தி வைத்தாள்.

*

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஜன்னல் திரையைச் 'சர்'ரென்று இழுத்துத் திறந்தாள்.

"எந்திரி கிழவா."

வெளிச்சம் சுவரில் அடித்தது. எலிசேயோ கண்ணைச் சுருக்கினார். "வண்டிதான் கெட்டுப்போச்சே."

"உக்கார்றதுக்கு ஒண்ணும் கெடலை. உன் கட்டிலைவிட நாலு விரல் கீழதான் இருக்கு சீட்டு. உசரமா இருக்கு, ஏற முடியலைன்னு சொல்ல உனக்கு இனி வாயில்ல. நீயே மூடிக்கிட்ட வாய்தானே அது."

அவர் போர்வையை முகம் வரைக்கும் இழுத்தார்.

"வர முடியாதுன்னா சொல்லு. திங்கக்கிழமை சாவியை நானே குடுக்கிறேன், சொன்ன சொல்லு சொன்னதுதான். ஆனா வண்டி கெட்டதால விக்கிறோம்னு டெக்சஸ்காரன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

டெல்ஃபினா அறை வாசலுக்குப் போய் நின்றாள். இடுப்பில் கை வைத்துத் தைரியமாகத்தான் நின்றாள், ஆனால் உள்ளே, ஆண்டவரே திரும்பணும், ஆண்டவரே திரும்பணும் என்று அடித்துக்கொண்டது.

எலிசேயோ திரும்பினார். வலது கையைக் கட்டில் விளிம்பில் ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். "சட்டை எங்கே? வெள்ளைச் சட்டை" என்றார்.

நான்கு கால் ஊன்றுகட்டையைத் தள்ளிக்கொண்டு அவர் வாசலைக் கடக்க ஒரு யுகம் ஆயிற்று. பெரிய ரோட்டில் வண்டிகள் போக ஆரம்பித்துவிட்டன. அந்தத் தடதடப்பு வயலைத் தாண்டி வந்தது. ஒனேசிமோ பத்தடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

எலிசேயோ முதலில் ஏறப் போகவில்லை. மூக்குப் பக்கம் போய்க் குனிந்து, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை.

"ரெண்டாவது தடவை எவ்வளவுடா எடுத்தே?"

"அரை சுத்து அண்ணே."

"அரையா?"

"முக்கால்."

"கழுதை."

ஒனேசிமோவின் முகத்தில் மூன்று மாதமாக இல்லாத களை வந்தது.

"நெருப்பு வெச்சியா?"

"சத்தியமா இல்லண்ணே. தண்ணி ஊத்தி அறுத்தேன்."

"அது தெரியும். சத்தம் கேட்டேன். அறுப்பு சுத்தமாத்தான் இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நேத்து உன் மதினி சொல்லியிருப்பா. நான் கூப்பிட்டிருக்கணும்."

"சொல்லலையே. என்னது?"

எலிசேயோ மனைவியைப் பார்த்தார். அவள் மலையைப் பார்த்தாள்.

"அப்புறம் சொல்றேன்" என்றார். "அங்க என்னடா நிக்கிறே? கதவைத் திற."

கதவு திறந்தது. அவர் ஊன்றுகட்டையைச் சுற்றித் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றார். பின்னால் தடவினார், சீட்டு விளிம்பு கையில் பட்டது. அங்கிருந்து கீழே போக வேண்டும். இடது முழங்கால் உதறத் தொடங்கியது. ஒனேசிமோவின் இரண்டு கைகளும் தாமாக நீண்டன. டெல்ஃபினா துடைப்பக்கம்பைக் குறுக்கே நீட்டி அவன் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினாள்.

எலிசேயோ கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். பொத்தென்று விழுந்தார் என்றும் சொல்லலாம். விழுந்த இடம் சீட்டு.

வலது கால் தானே உள்ளே போயிற்று. இடது கால் வெளியே தொங்கியது, வேறொருவனுடைய கால் மாதிரி. அவர் குனிந்து, தொடைப் பக்கம் பேண்ட்டைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். செருப்பு நுனி கதவோரத்தில் மாட்டிக்கொண்டது. இன்னொரு இழுப்பு. கால் உள்ளே வந்துவிட்டது.

ஸ்டீயரிங்கில் வலது கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் முன்னால் பார்த்திருந்தார். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. கண்ணாடி வழியே கல் பாவின வண்டிப்பாதை, வாய்க்காலோரமாகப் பெரிய ரோடு வரைக்கும் ஒரே நேராகக் கிடந்தது.

பிறகு மெல்ல, "கிழவி" என்றார்.

"என்ன?"

"மெரிசா என்ன சொன்னா? ரொம்பத் தாழ்ந்துட்டா?"

டெல்ஃபினாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டிலுக்கு நான்கு விரல் கீழே. அங்கிருந்து இந்தக் காலால் எழுந்திருக்கவே முடியாது. இரண்டு நாள் ஏறுவதைப் பற்றியே உயிரை விட்டவர்களில் இறங்குவதைப் பற்றி ஒருத்தரும் நினைக்கவில்லை. எலிசேயோவின் முகம், அன்றைக்குச் சேற்றிலிருந்து நிமிர்ந்த முகம் மாதிரி மாறிக்கொண்டு வந்தது.

அவள் வண்டியைச் சுற்றிப் போனாள். அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி, கம்பை மடியில் குறுக்கே போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

"உன்னை யாரு இறங்கச் சொன்னா? ஓட்டு."

"வளையாது. டயரு இடிக்கும்."

"நேரா ஓட்டு. ரோட்டு முக்குல நிறுத்து. போற வண்டியெல்லாம் நம்மளப் பாத்துட்டுப் போகட்டும்."

சாவியைத் திருகினார். எஞ்சின் பிடித்தது. வண்டியின் நடுக்கம் சீட்டு வழியே இரண்டு பேர் உடம்பிலும் ஏறியது. அவர் இன்னும் நகர்த்தவில்லை. மடியில் செத்துக் கிடந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எடுத்து ஸ்டீயரிங்ல வை" என்றார்.

"தொடக் கூடாதுன்னியே?"

"ஏறுற வரைக்கும்தானே பேச்சு."

டெல்ஃபினா அந்தக் கையைத் தூக்கினாள். பிசைந்து வைத்த மாவு மாதிரி கனத்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி ஸ்டீயரிங்கில் பொருத்தி, நழுவாமல் இருக்கத் தன் கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். வண்டி 'கர்ர்'ரென்று டயரை உரசிக்கொண்டு நகர்ந்தது. ஒனேசிமோ சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, மட்கார்டில் ஒரு கையை வைத்தபடி கூடவே நடந்தான்.